ஏஎஸ்/400-இல் ஜாப் டேபிள் பெருத்துப்போனால் என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல்லைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டிலிருந்தபடியே இரவு ஷிப்டில் ஒரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் சர்வர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். "அண்ணாச்சி, சிபியு முப்பது சதவீதத்தைத் தாண்டுவதில்லை. டிஸ்க்கும் பாதிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது. வொர்க் ஆக்டிவ் ஜாப் கட்டளைக்குத் திரை உடனே வருகிறது. ஆனால் வொர்க் யூசர் ஜாப் கொடுத்தால் திரை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மாதாந்திர ஐபிஎல்லும் (இயந்திரத்தின் மறுதொடக்கம்) முன்பைவிட இழுக்கிறது. டிஸ்ப்ளே ஜாப் டேபிள் போட்டுப் பார்த்தேன். ஆறு டேபிள், மொத்தம் சுமார் 96,000 வரிசை, அதில் சுமார் 71,000 காலி. இவ்வளவு காலியாக இருப்பது நல்லதுதானே? கிளையண்டிடம் மெமரி கூட்டச் சொல்லலாமா?"

மெமரிக்குச் செலவு வைக்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அந்த இடத்துக்கு நீங்களே போய்விட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்த 71,000 நல்ல செய்தி அல்ல. அதைவிட எனக்குக் கவலை மீதி 25,000 மேல்தான். ஏன் என்று சொல்கிறேன். கட்டளைகளையும், இயந்திரம் முழுவதற்குமான அமைப்புகளான சிஸ்டம் வேல்யூக்களையும் நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன், திரையில் அடிக்கும் சுருக்கம் உங்களுக்குத் தெரியும்.

இந்த இயந்திரத்தில் ஓட்டக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். ஒரு ஜாப் பிறந்த உடனே அதற்கு ஜாப் டேபிளில் ஒரு வரிசை ஒதுக்கப்படும். இதை நிரந்தர ஜாப் ஸ்ட்ரக்சர் என்பார்கள். ஜாப் கியூவில் காத்திருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, ஓடி முடிந்தபின் அதன் ஸ்பூல் ஃபைல் (அச்சுக்கென்று அது போட்ட வெளியீடு) ஏதாவது ஒரு அவுட் கியூவில் (அச்சுக்குக் காத்திருக்கும் இடம்) கிடந்தாலும் சரி, அந்த வரிசை அந்த ஜாப்புக்கே சொந்தம். ஒரு டேபிளில் அதிகபட்சம் 16,352 வரிசைகள். நிரம்பினால் அடுத்த டேபிள் திறக்கும். உங்களுக்கு ஆறு டேபிள் என்றால் ஐந்து முழுசாக நிரம்பி ஆறாவதில் கால் வைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடும் ஜாப்புகளுக்கென்று தற்காலிக ஸ்ட்ரக்சர்கள் தனியாக உண்டு, அவை அதே திரையில் வலப்பக்கம் தெரியும். உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

கன்னியாகுமரியில் சபரிமலை சீசனில் ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் சூரிய உதயம் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், பெட்டியை மட்டும் அறையிலேயே விட்டுவிட்டார். பெட்டி இருக்கும்வரை அந்த அறையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அடுத்த கூட்டம் வரும்போது முதலாளி மாடியில் புது அறை கட்டுகிறார். இப்படியே கட்டிக் கட்டி கட்டடம் ஆறு மாடி ஆகிவிட்டது. பிறகு ஒருநாள் பெட்டிகளை எல்லாம் அகற்றினார்கள். இப்போது முக்கால்வாசி அறை காலி. ஆனால் "இன்ன ஊர்க்காரர் தங்கியிருக்கிறாரா?" என்று யாராவது கேட்டால், ரூம் பையன் ஆறு மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அறை காலியாக இருந்தாலும் தட்டத்தான் வேண்டும்.

அறைதான் வரிசை. பெட்டிதான் ஸ்பூல் ஃபைல். கதவு தட்டும் அந்தப் பையன்தான் உங்கள் வொர்க் யூசர் ஜாப். வொர்க் ஆக்டிவ் ஜாப்புக்கு ஓடுகிறவர்கள் மட்டும் போதும், அதனால் அது உடனே வருகிறது. எல்லா நிலையிலும் இருக்கும் ஜாப்புகளைத் தேடும் எந்த வேலையும் டேபிள் முழுவதையும் துழாவியாக வேண்டும். ஜாப் பட்டியல் எடுக்கும் ஏபிஐயை அழைக்கும் புரோகிராம்களுக்கும் இதே கதிதான். உங்கள் கிளையண்டிடம் ஏதாவது கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஜாப்பையும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால், முதலில் அதன் வடிகட்டியை "ஆக்டிவ் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். இதற்கு ஐபிஎல் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம், கைமேல் பலன் தெரியும்.

மறுதொடக்கத்தின்போது, முக்கியமாக இயந்திரம் தாறுமாறாக நின்று திரும்ப எழும்போது, சிஸ்டம் இந்த டேபிள்களைச் சரிபார்த்துக்கொண்டு வரும். வரிசை கூடக்கூட அந்த நேரமும் கூடும். உங்கள் ஐபிஎல் இழுப்பதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காரணங்களில் இது ஒன்று, அதுவும் எளிதில் சரிசெய்யக்கூடிய ஒன்று.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாலிசி எண்ணை அடித்து என்டர் தட்டும் கிளார்க்குக்கு ஜாப் டேபிளைச் சுருக்கியதால் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கப் பிழைகள் (மெமரியில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து இழுப்பது) கூடி இருப்பது, இண்டெக்ஸ் இல்லாத டேட்டாபேஸ் கேள்விகள் ஓடுவது போன்றவற்றுக்கு மருந்து வேறு. கிளையண்டிடம் பேசும்போது அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி அந்த 25,000. டிஸ்ப்ளே ஜாப் டேபிள் திரையில் எஃப்11 தட்டுங்கள். பயன்பாட்டில் உள்ள வரிசைகள் நான்கு பத்தியாகப் பிரிந்து வரும்: ஆக்டிவ், ஜாப் கியூ, அவுட்புட் கியூ, ஜாப் லாக் பெண்டிங். ஆறு டேபிளுக்கும் பத்தி பத்தியாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் அளவிலான ஓர் இயந்திரத்தில் ஓடும் ஜாப் சில நூறுக்குமேல் இருக்காது. ஜாப் கியூவில் பத்து இருபது இருக்கலாம். மற்றதெல்லாம் மூன்றாவது பத்தியில் குவிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அத்தனையும் ஓடி முடிந்த ஜாப்புகள். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதே நிலைமை.

ஸ்பூல் சுத்தம் செய்யப் போகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள் என்றால், அளவில் பெரிய ஸ்பூல் ஃபைல்களைத் தேடி அழிப்பார்கள். டிஸ்க் இடத்துக்கு அது சரி. ஜாப் டேபிளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஐயாயிரம் பக்க மாத அறிக்கை ஒன்றும் ஒரே வரிசையைத்தான் பிடிக்கும், ஒரு பக்க ரசீதும் அதே ஒரு வரிசையைத்தான் பிடிக்கும். ஒரு ஜாப் நூறு ஸ்பூல் ஃபைல் போட்டாலும் ஒரு வரிசைதான். நூறில் தொண்ணூற்றொன்பதை அழித்தாலும் வரிசை விடுபடாது, கடைசி ஒன்றும் போக வேண்டும். ஆகவே எண்ண வேண்டியது ஸ்பூல் ஃபைல்களை அல்ல, அவற்றை விட்டுச்சென்ற தனித்தனி ஜாப்புகளை.

எஸ்கியூஎல் தெரிந்திருந்தால் இது எளிது. கியூசிஸ்2 லைப்ரரியில் அவுட்புட் கியூ என்ட்ரீஸ் என்ற வியூ இருக்கிறது. அதில் அவுட் கியூ பெயரால் தொகுத்து, ஜாப் பெயர்களில் தனித்தவை எத்தனை என்று எண்ணி, இறங்குவரிசையில் போடுங்கள். அந்த வியூ மெதுவாக வந்தால் பேசிக் என்ற சொல்லோடு முடியும் சுருக்கமான வியூ ஒன்று பக்கத்திலேயே உண்டு, அது வேகமாக வரும். நான் இதுவரை பார்த்த எந்த இயந்திரத்திலும் குவியல் எல்லா அவுட் கியூவிலும் சமமாகப் பரவியிருந்ததில்லை. இரண்டு மூன்று அவுட் கியூக்களில்தான் பெரும்பகுதி இருக்கும்.

ஒரு கிடங்கு நிறுவனத்தின் இயந்திரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு டெலிவரி ஆர்டருக்கும் புரோகிராம் ஒரு ஜாப்பை சப்மிட் செய்யும். அந்த ஜாப் ஒரே ஒரு பிக்கிங் சீட்டைப் போட்டுவிட்டு முடிந்துவிடும். சீட்டு போய்ச் சேரும் அவுட் கியூவுக்கு எதிரே ஒரு காலத்தில் கிடங்கின் வாசலில் ஒரு பிரிண்டர் இருந்தது. பின்னாளில் கிடங்கில் கையடக்க ஸ்கேனர் வந்தது, பிரிண்டரை எடுத்துவிட்டார்கள். சீட்டு போடும் வரியைப் புரோகிராமிலிருந்து எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வொர்க் அவுட் கியூ போட்டுப் பார்த்தால் ரைட்டர் (பிரிண்டருக்கு எடுத்து அனுப்பும் புரோகிராம்) பத்தி வெறுமையாக இருந்தது. உள்ளே நுழைந்து ஒரு சீட்டைத் திறந்தேன். சரக்கு எண், ரேக் எண், அளவு, கீழே எடுத்தவர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட அங்கே யாரும் இல்லாமல், அதே மாதிரிச் சீட்டுகள் திரை திரையாகப் போய்க்கொண்டே இருந்தன. கிளையண்டின் கிடங்கு மேலாளரிடம் கேட்டபோது அப்படி ஒரு சீட்டு இன்னும் வருகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் எழுத்தில் சம்மதம் தந்தபிறகு அழித்தோம், புரோகிராமிலும் அந்த வரியை எடுத்தார்கள். இதில் முக்கியம் அந்த இரண்டாவது வேலைதான். அழிப்பதோடு விட்டிருந்தால் மறுவாரமே பழையபடி சேர ஆரம்பித்திருக்கும்.

ஆகவே ரைட்டர் இல்லாத அவுட் கியூக்களில் இருந்து தொடங்குங்கள். அடுத்து, ஹெல்டு நிலையிலும் சேவ் நிலையிலும் இருப்பவை. பிரிண்டர் ஃபைலில் சேவ் என்பதற்கு ஆம் என்று போட்டிருந்தால் அச்சாகி முடிந்தபிறகும் ஸ்பூல் ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் "மறு அச்சு தேவைப்படலாம்" என்பார்கள். அது நியாயம்தான். அதற்கு ஏழு நாளோ பதினைந்து நாளோ ஒரு கெடு வைத்துக்கொண்டால் போதும்.

பழைய ஸ்பூல் ஃபைல்களை எல்லாம் "ஆர்க்கைவ்" என்று பெயரிட்ட ஒரு அவுட் கியூவுக்கு நகர்த்துவதைப் பல இடங்களில் பார்க்கலாம். திரை சுத்தமாகத் தெரியும், டேபிளில் ஒரு வரிசைகூட விடுபடாது. ஸ்பூல் ஃபைல் எந்த அவுட் கியூவில் இருந்தாலும் அது பிறந்த ஜாப்பின் வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ரீகிளெய்ம் ஸ்பூல் ஸ்டோரேஜ் கட்டளையையும் சிலர் இதற்கு மருந்தாக நினைக்கிறார்கள். அது காலியான ஸ்பூல் மெம்பர்கள் அடைத்திருக்கும் டிஸ்க் இடத்தை மீட்கும், ஜாப் டேபிளைத் தொடாது. காப்பீட்டு ஆவணங்களை உண்மையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றால் பிடிஎஃப்பாக மாற்றி இயந்திரத்தின் ஐஎஃப்எஸ் என்ற கோப்புப் பகுதியிலோ வேறு ஆவணக் காப்பகத்திலோ சேர்த்துவிட்டு ஸ்பூல் ஃபைலை அழிப்பதுதான் முறை. எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் முடிவும் அல்ல, என் முடிவும் அல்ல. கிளையண்டின் பிசினஸ் தரப்பிடமிருந்து மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு பாலிசிப் பத்திரத்தைக்கூட அழிக்காதீர்கள்.

அழிப்பதற்குப் புதிய வெளியீடுகளில் சிஸ்டூல்ஸ் லைப்ரரியில் பழைய ஸ்பூல் ஃபைல்களை அழிக்கும் புரொசீஜர் ஒன்று வருகிறது. எந்தத் தேதிக்கு முந்தையவை, எந்த அவுட் கியூ என்று சொல்லலாம். பிரிவியூ வசதியும் உண்டு. முதலில் பிரிவியூவில் ஓட்டி, வரும் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் அழிக்க விடுங்கள். பழைய வெளியீடு என்றால் கிளியர் அவுட் கியூ அல்லது டெலீட் ஸ்பூல் ஃபைல். கிளியர் அவுட் கியூவைக் கொஞ்சம் பயத்தோடு தொடுங்கள், அது அந்த கியூவில் அச்சாகாமல் கிடக்கும் அத்தனையையும் தேதி பார்க்காமல் துடைத்துவிடும்.

ஜாப் லாக், அதாவது ஒரு ஜாப் என்னென்ன செய்தது என்ற பதிவு, தனிக் கதை. பயன்பாட்டு அறிக்கைகளைவிட ஜாப் லாக்குகள்தான் வரிசைகளை அதிகம் அடைக்கின்றன என்பது பல இயந்திரங்களில் நான் பார்த்த நிலவரம். ஜாப் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாக் என்ற இடத்தில் நான்கு, பூஜ்யம், நோலிஸ்ட் என்று இருந்தால் ஒழுங்காக முடிந்த ஜாப் லாக் எதுவும் விட்டுச்செல்லாது, தகராறில் முடிந்தால் மட்டும் விட்டுச்செல்லும். அதையே செக்லெவல் என்று மாற்றிவிட்டால் ஒழுங்காக முடிந்த ஒவ்வொரு ஜாப்பும் ஒரு லாக்கை ஸ்பூலில் போட்டுவிட்டுப் போகும். யாரோ ஒரு புரோகிராமர் ஏதோ ஒரு பிழையைத் தேடும்போது அப்படி மாற்றியிருப்பார். பிழை கிடைத்திருக்கும், மாற்றம் அப்படியே நின்றிருக்கும். உங்கள் இரவு பேட்ச் ஜாப்புகள் எந்த ஜாப் டிஸ்கிரிப்ஷனில் ஓடுகின்றன என்று பட்டியல் எடுத்து இந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். மாற்றுவதற்கு முன் புரோகிராமர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில முக்கியமான ஜாப்புகளுக்கு முழு லாக் தேவைப்படலாம், அவற்றுக்குத் தனி டிஸ்கிரிப்ஷன் வைத்துவிடலாம்.

சிஸ்டம் தானாகச் செய்யும் துப்புரவும் இருக்கிறது. கோ கிளீனப் மெனுவில் முதல் விருப்பத்தைத் திறந்தால் ஜாப் லாக்குகளையும் மற்ற சிஸ்டம் அவுட்புட்டையும் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்கும். வழக்கமாக வருவது 7 நாள். தானியங்கித் துப்புரவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாமல் நாள் கணக்கு மட்டும் நிரப்பியிருக்கும் இயந்திரங்கள் நிறைய. இந்தத் துப்புரவு ஜாப் லாக்குகளுக்கு என்றே வைத்த கியூஈசிஜாப்லாக் போன்ற சிஸ்டம் அவுட் கியூக்களை மட்டும்தான் பார்க்கும். உங்கள் பயன்பாட்டின் அவுட் கியூக்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

நான்காவது பத்தி, ஜாப் லாக் பெண்டிங். கியூலாக்அவுட்புட் என்ற சிஸ்டம் வேல்யூவுக்கு மூன்று விதமான மதிப்பு உண்டு: ஜாப் முடியும்போதே லாக்கை ஸ்பூலில் எழுதுவது, ஜாப் லாக் சர்வரிடம் விட்டு எழுத வைப்பது, எழுதாமல் பெண்டிங்கில் வைப்பது. ஸ்பூல் ஃபைல் சேருவதைக் குறைக்கலாம் என்று நினைத்து சிலர் பெண்டிங்குக்கு மாற்றுவார்கள். ஸ்பூல் ஃபைல் குறையும். ஆனால் பெண்டிங் லாக் இருக்கும்வரை ஜாப்பின் வரிசை விடுபடாது. மூன்றாவது பத்தியில் இருந்த சுமை நான்காவது பத்திக்கு இடம் மாறியதுதான் மிச்சம். வொர்க் ஜாப் லாக் கட்டளையில் பெண்டிங் லாக்குகள் எல்லாம் தெரியும்.

ஜாப் கியூ பத்தியில் நூற்றுக்கணக்கில் நின்றால் ஏதோ ஒரு ஜாப் கியூவை யாரோ ஹோல்டு செய்து மறந்திருக்கிறார்கள், அல்லது ஜாப்புகளை எடுத்து ஓட்டும் சப்சிஸ்டத்தோடு இணைக்காத ஜாப் கியூவுக்கு ஜாப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன. பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கிடங்குக் கதையில் பிரிண்டர் ஒரு குற்றம் என்றால், ஆர்டருக்கு ஒரு ஜாப் என்ற வடிவமைப்பு இன்னொன்று. ஜாப்பைப் பிறக்க வைப்பதும் முடித்து வைப்பதும் இந்த இயந்திரத்தில் இலவசம் அல்ல. சின்னச் சின்ன வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் சப்மிட் செய்வதைவிட, காலையில் தொடங்கி இரவுவரை ஓடும் ஒரே ஜாப்பை வைத்து, அதற்கு டேட்டா கியூ மூலம் வேலையைத் தள்ளிவிடுவது எவ்வளவோ மேல். டேபிளும் ஒழுங்காக இருக்கும், சிபியுவும் மிச்சமாகும். ஓடிபிசி வழியாக வரும் டேட்டாபேஸ் இணைப்புகளைக் கவனிக்க முன்கூட்டியே தொடங்கி வைக்கும் பிரீஸ்டார்ட் ஜாப்புகளிலும் இதே கணக்கு இருக்கிறது. ஒரு பிரீஸ்டார்ட் ஜாப் வழக்கமாக 200 முறை பயன்பட்டதும் முடிந்து புதியது பிறக்கும். இணைப்புகள் அலை அலையாக வந்து போகும் இடத்தில் அந்த எண்ணைக் கூட்டினால் பிறப்பும் இறப்பும் குறையும். இதெல்லாம் ஆபரேட்டரின் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் ஒரு நாளில் எத்தனை ஜாப் பிறக்கிறது, அதில் எந்தப் பெயர் அதிகம் என்ற கணக்கை எடுத்து டெவலப்மெண்ட் டீமிடம் நீட்ட ஆபரேட்டரால்தான் முடியும்.

இன்னொரு வழி கியூ எஸ்பிஎல்எஃப் ஏசிஎன் என்ற சிஸ்டம் வேல்யூ. வழக்கமாக அது கீப் என்று இருக்கும், அதாவது ஸ்பூல் ஃபைல் இருக்கும்வரை ஜாப்பும் டேபிளில் இருக்கும். அதை டிடாச் என்று மாற்றினால் ஜாப் முடிந்ததும் ஸ்பூல் ஃபைல் ஜாப்பை விட்டுப் பிரிந்துவிடும், வரிசை அடுத்த ஜாப்புக்குக் கிடைத்துவிடும். லாட்ஜில் பெட்டியைக் கீழே கிளோக் ரூமில் வாங்கி வைத்துவிட்டு அறையைத் திறந்துவிடுவது மாதிரி. வொர்க் ஸ்பூல் ஃபைல், வொர்க் அவுட் கியூ இரண்டிலும் அந்த ஃபைல் பழையபடியே தெரியும். ஆனால் முடிந்த ஜாப்பை வொர்க் ஜாப்பில் திறந்து, அதன் ஸ்பூல் ஃபைல்களைப் பார்க்கும் வழக்கம் உங்கள் டீமுக்கு இருந்தால் அது இனி நடக்காது. முடிந்த ஜாப்புகளைத் தேடி வேலை செய்யும் புரோகிராம்கள் இருந்தால் அவையும் தடுமாறும். சிஸ்டம் முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றாமல், ஜாப் டிஸ்கிரிப்ஷன் அளவில் ஒரு பேட்ச் குழுவுக்கு மட்டும் மாற்றி ஒரு மாதச் சுழற்சி ஓட விடுவது என் வழக்கம். ஸ்பூல் ஃபைல்களை நீண்ட நாள் வைத்தே தீரவேண்டிய இடத்தில் இதுதான் சரியான வழி. வைக்கத் தேவையே இல்லாத இடத்தில் இதைச் செய்தால் குப்பை கிளோக் ரூமில் சேரும், அவ்வளவே.

இவ்வளவும் செய்தபிறகுதான் சுருக்குவது. சுத்தம் செய்து முடித்ததும் காலி வரிசைகளின் எண்ணிக்கை 71,000-இலிருந்து 95,000-க்குப் பக்கத்தில் போகும். அவை தானாகக் கரையாது. ஐபிஎல்லின்போதுதான் சுருங்கும், அதுவும் நீங்கள் சொன்னால்தான் சுருங்கும். சேஞ்ச் ஐபிஎல் ஆட்ரிபியூட்ஸ் கட்டளையில் கம்ப்ரஸ் ஜாப் டேபிள்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. வழக்கமாக அது நன் என்று இருக்கும். நார்மல், அப்நார்மல், ஆல், நெக்ஸ்ட் என்ற மதிப்புகள் உண்டு. நெக்ஸ்ட் கொடுங்கள். அடுத்த ஐபிஎல்லில் ஒருமுறை சுருக்கிவிட்டு அது மறுபடி நன்னுக்குத் திரும்பிவிடும். நார்மல் கொடுத்தால், அதற்குமுன் இயந்திரம் ஒழுங்காக நிற்காமல் போயிருந்தால் அந்த ஐபிஎல்லில் சுருக்கம் நடக்காது, நீங்கள் நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆல் கொடுத்தால் ஒவ்வொரு ஐபிஎல்லிலும் சுருக்கிக்கொண்டே இருக்கும், தேவையில்லாத நேரச் செலவு. சுத்தம் செய்யாமல் முதலில் சுருக்கினால் இன்னும் வீண், டேபிள் கொஞ்ச நாளில் பழைய அளவுக்கே வளர்ந்துவிடும்.

சுருக்கும் ஐபிஎல் வழக்கத்தைவிட நீளும். ஆகவே மெயின்டனன்ஸ் நேரத்தைக் கூட்டிக் கேளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு ஞாயிறு பகல் பதினொன்றரை. நம் மாவட்டத்தில் இந்த வேலை பார்க்கும் பலர் காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறப்பது இதனால்தான். ஆனி ஆடியில் சாரலோடு கரண்டும் போகும், இணையமும் போகும். ஐபிஎல் ஓடும்போது உங்கள் 5250 செஷன் (இயந்திரத்துடனான திரை இணைப்பு) எப்படியும் அறுந்துவிடும், கன்சோல் வழியாகத்தான் நிலவரம் தெரியும். கன்சோல் அணுகல் உள்ள இன்னொருவர், வேறு ஊரில் வேறு இணைப்பில், தயாராக இருக்கிறார் என்று உறுதி செய்யாமல் பவர் டவுன் கட்டளையை அடிக்காதீர்கள். அதற்குமுன் சப்சிஸ்டங்களை ஒழுங்காக முடித்து, எல்லாம் நின்றதா என்று பாருங்கள்.

அப்புறம் சிஸ்டம் வேல்யூக்கள். கியூடோட்ஜாப் என்பது ஐபிஎல்லின்போது எத்தனை ஜாப்புக்கு இடம் ஒதுக்குவது என்று சொல்வது, வழக்கமாக 200. தீர்ந்துபோனால் கியூஏடிஎல்டோட்ஜே சொல்லும் எண்ணிக்கையில், வழக்கமாக முப்பது முப்பதாக, சிஸ்டம் கூட்டிக்கொண்டே போகும். உங்கள் இயந்திரத்தில் சாதாரண நாளில் நாலாயிரம் ஜாப் இருக்கும் என்றால் 200-இல் தொடங்கி முப்பது முப்பதாக ஏறுவது வீண் உழைப்பு. சுத்தம் செய்தபின் ஒரு மாதம் மொத்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, அதற்குச் சற்று மேலே முதல் மதிப்பை வையுங்கள். கூட்டும் எண்ணைப் பத்துக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் ஏற்றவும் வேண்டாம். சின்னதாக இருந்தால் அடிக்கடி நின்று கூட்ட வேண்டும், பெரியதாக இருந்தால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் ஒரு தேக்கம் வரும்.

கியூமேக்ஸ்ஜாப் மேல்வரம்பு, வழக்கமாக 163,520. பத்து முழு டேபிள் அளவு. அந்த வரம்பைத் தொட்டால் புதிய ஜாப் எதுவும் தொடங்க முடியாது. நெருங்கும்போது சிபிஐ1468 என்ற செய்தி ஆபரேட்டர் மெசேஜ் கியூவுக்கு வரும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் முதல் வேலையாக வரம்பைக் கூட்டிவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நெருக்கடியில் இரவு இரண்டு மணிக்கு வேறு வழியில்லை என்றால் கூட்டலாம், ஆனால் அன்றைக்கே எந்தப் பத்தி வீங்கியது என்று பார்த்து, விடிந்ததும் காரணத்தோடு கிளையண்டுக்கு எழுத வேண்டும். தேவைக்கு மேல் வரம்பை ஏற்றி வைத்தால், ஏதோ ஒரு புரோகிராம் சுழலில் மாட்டி ஜாப்புகளைப் பெற்றுத் தள்ளும்போது உங்களுக்கு வரவேண்டிய எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும்.

ஏஎஸ்/400 வெளிவந்தது 1988 ஜூன் 21. பெயர் ஐசீரிஸ் ஆகி, சிஸ்டம் ஐ ஆகி, 2008-இலிருந்து ஐபிஎம் ஐ என்று பவர் இயந்திரங்களில் ஓடுகிறது. ஜாப், சப்சிஸ்டம், அவுட் கியூ என்ற ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால் இதை ஒருமுறை நன்றாகக் கற்றுக்கொண்டால், எந்த கிளையண்டின் இயந்திரத்துக்குப் போனாலும் கைகொடுக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை ஷிப்ட் தொடக்கத்தில், டிஸ்ப்ளே ஜாப் டேபிள் போட்டு மொத்தம், காலி, எஃப்11-இல் வரும் நான்கு பத்தி ஆகிய ஆறு எண்களை ஒரு ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. அவுட்புட் கியூ பத்தி மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால், நான்காவது வாரத்துக்குக் காத்திருக்காமல் எந்த அவுட் கியூ என்று தேடுங்கள். இந்த வாரம் எஃப்11 திரையின் கூட்டுத்தொகையையும், தனித்த ஜாப் அதிகமுள்ள முதல் ஐந்து அவுட் கியூவின் பெயரையும், அவற்றுக்கு ரைட்டர் இருக்கிறதா இல்லையா என்பதையும் எடுத்து எழுதுங்கள் தம்பி. கிளையண்டின் பெயரும் பாலிசி விவரமும் வேண்டாம். எதை முதலில் தொடலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.